606 என்கிற ஊசி: பாதரசத்துக்கும் பெனிசிலினுக்கும் நடுவே (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

மருந்தியல் வகுப்பில் ரசாயன சிகிச்சைப் பாடம் தொடங்கும் வாரத்தில் எனக்கு வருஷா வருஷம் ஒரே கேள்விகள்தான் வரும். 606 என்றால் என்ன சார்? விஷத்தைப் போய் யார் ஊசியாகப் போட்டார்கள்? பெனிசிலினுக்கு முன்னால் ஜனங்கள் என்னதான் செய்தார்கள்? 606 என்பது சிபிலிஸ் என்ற பால்வினை நோய்க்கு 1910-ல் வந்த சால்வர்சன் என்ற ஆர்சனிக் (பாஷாண) ஊசி மருந்து. ஒவ்வொரு முறையும் வாயால் சொல்வதைவிட ஒரே இடத்தில் எழுதி வைத்துவிடலாம் என்று தோன்றியது. இது சரித்திரம் மட்டுமே. யாரும் இதைச் சிகிச்சைக் குறிப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

தூக்க நோய் ஒரு ஒட்டுண்ணியால் வருவது, சிபிலிஸ் பாக்டீரியாவால் வருவது. இரண்டும் எப்படி ஒரே மருந்துக் கதைக்குள் வந்தன?

ஒரு தப்புக் கணக்கால் வந்தன. 1905-ல் பெர்லினில் ஃப்ரிட்ஸ் ஷௌடின், எரிக் ஹாஃப்மன் இருவரும் சிபிலிஸ் புண்ணிலிருந்து எடுத்த நீரில் சுருள் சுருளாக நெளியும் கிருமியைக் கண்டார்கள். அதுதான் ஸ்பைரோகீட். ஷௌடின் அடிப்படையில் விலங்கியல்காரர். இந்தச் சுருள் கிருமி, ஆப்பிரிக்கத் தூக்க நோயை உண்டாக்கும் டிரிப்பனோசோம் என்ற ஒற்றைச் செல் உயிரிக்கு உறவாக இருக்கும் என்று அவர் நினைத்தார். அந்தச் சமயத்தில் டிரிப்பனோசோமை ஆர்சனிக் சேர்மங்களால் கொல்ல முடியும் என்று தெரிய வந்திருந்தது. உறவுக்காரன் என்றால் இவனும் அதே மருந்துக்குச் சாவானே என்று யோசித்தார்கள்.

உறவு என்பது தப்பு. ஸ்பைரோகீட் ஒரு பாக்டீரியா. டிரிப்பனோசோமுக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஆனாலும் மருந்து வேலை செய்தது. விஞ்ஞானத்தில் சரியான வழியில் போய்க் கோட்டை விட்டவர்கள் நிறையப் பேர். தப்பான வழியில் போய் ஊர் சேர்ந்தவர்களில் இவர்கள் ஒரு ரகம்.

அதற்கு முன் சிபிலிஸுக்கு என்ன கொடுத்தார்கள்?

பாதரசம். ஐரோப்பாவில் சுமார் நானூறு வருஷம் இதுதான். களிம்பாகத் தேய்த்தார்கள், புகை பிடிக்க வைத்தார்கள், மாத்திரையாக விழுங்கச் சொன்னார்கள், பிறகு ஊசியாகவும் போட்டார்கள். வாயில் எச்சில் ஊற்றாகச் சுரந்தால் மருந்து பிடிக்கிறது என்று அர்த்தம் பண்ணிக்கொண்டார்கள். உண்மையில் அது பாதரச நஞ்சின் அடையாளம். ஈறு வீங்கும், பல் ஆடி விழும்.

நம் சித்த மருத்துவத்திலும் ரசம், பூரம், வீரம் எல்லாம் உண்டு. மூன்றும் பாதரசச் சரக்குகள்தான். வெள்ளைப் பாஷாணம், மனோசிலை, அரிதாரம் மூன்றும் ஆர்சனிக். எனவே "ஆர்சனிக்கை மருந்தாகக் கொடுக்கலாம் என்ற யோசனையே ஜெர்மன்காரன்தான் கண்டுபிடித்தான்" என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ள வேண்டாம். ஐரோப்பாவிலேயே 1786-ல் ஃபௌலர் கரைசல் என்று ஆர்சனிக் டானிக் ஒன்று வந்து, நூறு வருஷத்துக்கு மேல் ஓடியது. ஜெர்மனியில் நடந்த புது விஷயம் வேறு. அதற்கு வருகிறேன்.

துணிக்குப் போடும் சாயத்துக்கும் மருந்துக்கும் என்ன சம்பந்தம்?

பால் எர்லிக் என்ற ஜெர்மன் மருத்துவ விஞ்ஞானிதான் சம்பந்தம். மாணவராக இருந்தபோதே திசுக்களுக்குச் சாயம் ஏற்றிப் பார்ப்பதில் பைத்தியம். ஒரு சாயம் ஒரு வகைச் செல்லை மட்டும் பிடித்துக்கொண்டு பக்கத்தில் இருப்பதை விட்டுவிடுகிறது. அப்படியானால் கிருமியை மட்டும் பிடித்து, நோயாளியை விட்டுவிடும் நஞ்சு ஏன் இருக்கக் கூடாது? அவர் வாழ்நாள் முழுக்கத் துரத்தியது இந்த ஒரு கேள்வியை. நம் ஊர்ப் பேச்சில் சொன்னால் ராமபாணம்: எய்தால் இலக்கைத் தவிர வேறு எதிலும் படக்கூடாது.

1891-ல் பெர்லின் மோவாபிட் மருத்துவமனையில் இரண்டு மலேரியா நோயாளிகளுக்கு மெதிலீன் நீலம் என்ற சாயத்தைக் கொடுத்துப் பார்த்தார். இருவரும் தேறினார்கள். (சிறுநீர் நீலமாகப் போகும், எந்தக் காலத்திலும் நோயாளிக்கு முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது.) 1904-ல் ஜப்பானியரான கியோஷி ஷிகாவோடு சேர்ந்து டிரிப்பன் சிவப்பு என்ற சாயத்தால் டிரிப்பனோசோம் தொற்றிய எலிகளைக் குணப்படுத்தினார். சாயம் எலியில் ஜெயித்தது. அதற்கு மேல் போகவில்லை.

அடாக்சில் என்ற பெயர் அடிக்கடி வருகிறதே?

பெயரைப் பாருங்கள்: 'நஞ்சில்லாதது' என்று அர்த்தம். 1859-ல் பிரான்சின் அந்துவான் பேஷாம், ஆர்சனிக் அமிலத்தையும் அனிலின் என்ற சாய மூலப்பொருளையும் சேர்த்துச் சூடாக்கி உண்டாக்கிய பொருள் இது. சாதாரண பாஷாணத்தோடு ஒப்பிட்டால் நஞ்சு குறைவு என்பதால் பிற்பாடு இந்தப் பெயரை வைத்துவிட்டார்கள். 1905-ல் லிவர்பூலில் தாமஸ், பிரைன்ல் என்ற இருவர் இது விலங்குகளின் உடலில் உள்ள டிரிப்பனோசோமைக் கொல்கிறது என்று காட்டினார்கள்.

உடனே அதை ஆப்பிரிக்காவுக்கு எடுத்துப் போனார்கள். 1906–07-ல் ஜெர்மன் கிருமியியலாளர் ராபர்ட் கோக், ஆப்பிரிக்காவில் விக்டோரியா ஏரியின் செசே தீவுகளில் தூக்க நோய்க்காரர்களுக்கு அடாக்சில் ஊசி போட்டார். சாதாரண அளவில் நோய் அடங்கியது, திரும்பியது. அளவைக் கூட்டினார். பார்வை நரம்பு கெட்டுப் பலருக்குக் கண் போயிற்று, திரும்பவும் இல்லை. கோக்கின் சாதனைகளைப் பக்கம் பக்கமாக எழுதும் புத்தகங்கள் இதை ஒரு வரியில் தாண்டிவிடுகின்றன. அந்த ஏரிக்கரை மக்களிடம் யாரும் சம்மதம் கேட்டுப் போடவில்லை என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

அந்த அடாக்சிலிலிருந்து 606 எப்படிப் பிறந்தது?

முன்னே சொன்ன புது விஷயம் இங்கேதான். ஆர்சனிக் பழசு. மூலக்கூற்றின் ஒவ்வொரு மூலையையும் மாற்றி மாற்றி, ஒவ்வொன்றையும் நோயுள்ள விலங்கில் சோதித்து, 'குணப்படுத்தும் அளவு எவ்வளவு, தாங்கும் அளவு எவ்வளவு' என்று கணக்குப் பார்த்த முறைதான் புதுசு.

எர்லிக்கும் அவருடைய வேதியியலாளர் ஆல்ஃப்ரெட் பெர்ட்ஹைமும் அடாக்சிலின் அமைப்பு என்று புத்தகத்தில் இருப்பது தப்பு என்று 1907-ல் காட்டினார்கள். அதில் ஒரு அமினோ தொகுதி (நைட்ரஜன் உள்ள ஒரு துணுக்கு) தனியாக நிற்கிறது என்றார்கள். சாயத் தொழிலில் ஊறின வேதியியலாளர் கையில் தனியாக நிற்கும் அமினோ தொகுதி கிடைத்தால், தையல்காரர் கையில் முழுத் துணி கிடைத்த மாதிரி. நூற்றுக்கணக்கில் சேர்மங்கள் வந்தன. ஆர்சசெட்டின் என்று ஒன்று. எலிக்கு நோய் தீர்ந்தது, ஆனால் அந்த எலிகள் நின்ற இடத்திலேயே சுற்றிக்கொண்டிருந்தன. சமநிலை நரம்பு கெட்டுவிட்டது. ஆய்வுக்கூடத்தில் அவற்றுக்கு 'ஆடும் எலிகள்' என்று பெயர். எந்த மருந்து வேண்டாம் என்று அந்த எலிகள் சொல்லிக் கொடுத்தன.

606 ஏற்கெனவே தயாராகி, சோதிக்கப்பட்டு, பிரயோஜனம் இல்லை என்று ஓரமாக வைக்கப்பட்ட சரக்கு. 1909-ல் டோக்கியோவில் கிடசாட்டோவின் ஆய்வுக்கூடத்திலிருந்து சஹாச்சிரோ ஹாட்டா ஃப்ராங்ஃபர்டில் இருந்த எர்லிக்கிடம் வந்தார். முயலுக்குச் சிபிலிஸ் தொற்ற வைக்கும் வித்தை அவருக்குத் தெரியும். எர்லிக் அவரிடம் பழைய சேர்மங்கள் எல்லாவற்றையும் முதலிலிருந்து திரும்பச் சோதிக்கச் சொன்னார். யாரோ ஒருவர் 'ஆகாது' என்று எழுதி வைத்ததையும் விடாமல், அலுக்காமல் ஹாட்டா சோதித்தார். 606 போட்ட முயலின் புண்ணிலிருந்து மறுநாள் எடுத்த நீரில் உயிருள்ள ஸ்பைரோகீட் ஒன்றுகூட இல்லை. சில வாரங்களில் புண்ணும் ஆறியது.

மாணவர்களிடம் நான் அழுத்திச் சொல்வது இதைத்தான்: 606 கண்டுபிடிக்கப்பட்டது இரண்டாவது முறை பார்த்தபோது.

606 என்றால் 606-வது சோதனை என்று அர்த்தமா?

ஆய்வுக்கூடத்தில் சேர்மத்துக்குக் கொடுத்த வரிசை எண். 605 முறை தோற்று 606-வது முறை ஜெயித்தார் என்று மேடையில் பேசுவார்கள். தன்னம்பிக்கைக் கூட்டங்களுக்குத் தோதான கதை. ஆனால் அதற்கு முன் வந்தவற்றில் 418 மாதிரி ஓரளவு நன்றாகவே வேலை செய்தவையும் இருந்தன. கடைப்பெயர் சால்வர்சன், ஹோக்ஸ்ட் என்ற ஜெர்மன் சாயக் கம்பெனி 1910 டிசம்பரில் விற்பனைக்கு விட்டது. அதற்கு முன் 65,000 குப்பிகள் வரை டாக்டர்களுக்கு இலவசமாகக் கொடுத்து, எங்கே என்ன நடந்தது என்று எழுதி அனுப்பச் சொல்லியிருந்தார் எர்லிக்.

ஊசி போடுவது அவ்வளவு கஷ்டமா?

கஷ்டம். மருந்துக் கதையில் பாதி இதுதான், ஆனால் யாரும் இதைச் சொல்வதில்லை.

சால்வர்சன் மஞ்சள் நிறப் பொடி. காற்றுப் பட்டால் ஆக்சிஜனோடு சேர்ந்து நஞ்சு கூடிவிடும். அதனால் காற்றை எடுத்துவிட்டுச் சீல் வைத்த கண்ணாடிக் குப்பியில் வரும். பொடி பழுப்பாகத் தெரிந்தால் தூக்கிப் போட வேண்டியதுதான். சாதாரணமாக ஒரு ஆளுக்கு 0.6 கிராம். குப்பியை உடைத்ததும், அன்றைக்கே வடித்த தண்ணீரில் கரைக்க வேண்டும். கரைசல் அமிலமாக இருக்கும். அப்படியே ஏற்ற முடியாது. காஸ்டிக் சோடாவைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். முதலில் திரிந்த பால் மாதிரி கெட்டியாகும். பயப்படாமல் இன்னும் சில சொட்டு விட்டால் மறுபடி தெளிந்து மஞ்சளாகும். அங்கே நிறுத்த வேண்டும். அப்புறம் உப்புத் தண்ணீர் சேர்த்து, உயரத்தில் பிடித்த கண்ணாடிக் குழாயிலிருந்து ரப்பர் டியூப் வழியாக நரம்பில் (அதாவது ரத்தநாளத்தில்) இறக்க வேண்டும். ஊசி நரம்பை விட்டு விலகிக் கொஞ்சம் வெளியே கசிந்தாலும் அந்த இடத்துச் சதை வெந்து அழுகும். முதலில் பிட்டத்துச் சதையில் போட்டுப் பார்த்தவர்கள் வலி தாங்காமல் நோயாளி அலறியதும்தான் நரம்புக்கு மாறினார்கள்.

நரம்பு ஊசி என்பதே அன்றைக்குப் பெரும்பாலான டாக்டர்களுக்குப் பழக்கமில்லாத வேலை. பழைய தண்ணீரில் கரைத்தால் குளிர்காய்ச்சல் வந்தது. பழியை மருந்தின்மேல் போட்டார்கள். தண்ணீரில்தான் கோளாறு என்று தெரியக் கொஞ்ச காலம் ஆயிற்று. 1912-ல் வந்த 914, அதாவது நியோசால்வர்சன், தண்ணீரில் நேராகக் கரையும். வீரியம் சற்றுக் கம்மி என்று குறை சொன்னார்கள். ஆனாலும் டாக்டர்கள் அதைத்தான் எடுத்தார்கள். வேலை சுலபம்.

ஒரே ஊசியில் குணமானதா?

எர்லிக் ஆசைப்பட்டது அதற்குத்தான்: ஒரே பெரிய அடியில் உடம்பைச் சுத்தம் செய்துவிட வேண்டும் என்று. ஸ்பைரோகீட்டால் வரும் மறுகாய்ச்சலில் ஏறக்குறைய அப்படி நடந்தது. யாஸ் என்ற தோல் நோயிலும் நடந்தது. சிபிலிஸில் நடக்கவில்லை. புண் மறையும், சில மாதத்தில் நோய் திரும்பும். கடைசியில் வாரா வாரம் ஊசி, நடுவில் பாதரசமோ பிஸ்மத் என்ற இன்னொரு உலோகமோ என்று ஒரு வருஷத்துக்கு மேல் இழுக்கும் முறையாக அது மாறியது. பாதியில் விட்டுப் போனவர்கள் ஏராளம். புண் ஆறிவிட்டது, கையும் வலிக்கிறது. இன்னும் எதற்குப் போக வேண்டும் என்று தோன்றாதா?

இன்னொன்று. முதல் ஊசி போட்ட சில மணி நேரத்தில் காய்ச்சலும் நடுக்கமும் வரும், புண் இன்னும் சிவக்கும். கிருமிகள் கூட்டமாகச் சாவதால் உடம்பு காட்டும் எதிர்வினை அது. யாரிஷ், ஹெர்க்ஸ்ஹைமர் என்ற இருவர் பாதரசக் காலத்திலேயே கவனித்து எழுதியது. இன்றைக்குப் பெனிசிலின் போட்டாலும் வரும்.

'பறங்கி' என்று ஊர்ப்பக்கம் சொல்வது இந்த நோயையா?

தமிழில் பறங்கி, பறங்கிப்புண் என்றால் சிபிலிஸ். கப்பலில் வந்த பறங்கியர் கொண்டுவந்தது என்ற எண்ணம் அந்தப் பெயரில் இருக்கிறது. பறங்கிப்பட்டை என்ற வேர்ச் சரக்கையும் இதற்குக் கொடுத்தார்கள்.

இலங்கையில் கதை சுவாரசியம். அங்கே சிங்களத்தில் பறங்கி என்று சொன்னது சிபிலிஸை அல்ல, யாஸ் நோயை. காட்டுப்புறக் கிராமங்களில் குழந்தைகளுக்கு, தோல் தோலில் பட்டே பரவுவது, பாலுறவுக்குச் சம்பந்தமில்லை. 1905-ல் கொழும்பில் ஆல்டோ கஸ்தெல்லானி அந்தப் புண்களில் ஒரு ஸ்பைரோகீட்டைக் கண்டார். பார்த்தால் சிபிலிஸ் கிருமி மாதிரியே இருந்தது; உண்மையில் இரண்டும் ஒரே இனத்தின் கிளைகள். ஆக, பாக் நீரிணைக்கு இரு கரையிலும் ஒரே பெயரைக் கூடப்பிறந்த இரண்டு நோய்களுக்கு வைத்திருந்தார்கள். சால்வர்சன் இரண்டையும் அடித்தது. யாஸில் ஒன்றிரண்டு ஊசியிலேயே காய்ந்துவிடுவதைப் பார்த்த கிராமத்து ஜனங்களுக்கு ஊசி மேல் நம்பிக்கை வந்தது. இந்தியாவில் யாஸ் ஒழிந்துவிட்டது என்று உலக சுகாதார நிறுவனம் 2016-ல் சான்று கொடுத்தது. அந்த வேலையைச் செய்தது பெனிசிலின்.

எதிர்ப்பு இல்லையா?

இருந்தது. தகாத நடத்தைக்குக் கிடைத்த தண்டனையை மருந்து தடுக்கிறது என்று ஒழுக்கம் பேசியவர்கள் ஒரு பக்கம். பணம் பார்க்கிறார் என்றவர்கள் ஒரு பக்கம். ஃப்ராங்ஃபர்ட் மருத்துவமனையில் பாலியல் தொழிலாளிகளுக்குக் கட்டாயப்படுத்தி ஊசி போடுகிறார்கள் என்று கார்ல் வாஸ்மான் என்பவர் தன் பத்திரிகையில் எழுதினார். வழக்கு வந்து 1914-ல் அவருக்கு ஓராண்டுச் சிறை. எர்லிக் பக்கம் தீர்ப்பு சரிதான் என்று சரித்திரங்கள் முடித்துவிடும். ஆனால் அந்தப் பெண்கள் சாட்சிக் கூண்டில் சொன்னதை முழுக்கப் பொய் என்று ஒதுக்க எனக்கு மனம் வருவதில்லை. அந்தக் காலத்தில் அவர்களிடம் 'வேண்டுமா, வேண்டாமா' என்று கேட்கும் பழக்கம் எங்கேயும் இல்லை.

பக்க விளைவுகள் உண்மை: தோல் உரிதல், கல்லீரல் கேடு, சாவு. 'ஆர்சனிக் காமாலை' என்று பெயர் வாங்கியதில் ஒரு பகுதி, சரியாகக் கொதிக்க வைக்காத சிரிஞ்சு ஒருவரிடமிருந்து அடுத்தவருக்குக் கடத்திய காமாலைக் கிருமி. இது தெளிவாகப் புரிந்தது 1940-களில்தான்.

ஆர்சனிக் கிருமியை எப்படிக் கொல்கிறது?

சால்வர்சன் தானாகக் கொல்வதில்லை. உடம்புக்குள் மெல்ல ஆக்சிஜனேற்றம் அடைந்து வேறொரு ஆர்சனிக் பொருளாகிறது. அது கிருமியின் புரதங்களில் உள்ள கந்தகத் தொகுதியைப் பிடித்துக்கொள்கிறது. நம் செல்லிலும் கந்தகம் உண்டு என்பதால்தான் நமக்கும் நஞ்சு. வேடிக்கை என்னவென்றால், எர்லிக் இரண்டு ஆர்சனிக் அணுக்கள் இரட்டைப் பிணைப்பில் இருப்பதாக வரைந்த படம் தப்பு. மூன்று அணு, ஐந்து அணு கொண்ட வளையங்களின் கலவை அது என்று 2005-ல் நியூசிலாந்தின் வைக்காட்டோ பல்கலைக்கழகத்தில் கண்டுபிடித்தார்கள். சுமார் நூறு வருஷம் பாடப்புத்தகங்கள் தப்பான படத்தையே போட்டுக்கொண்டிருந்தன.

நம் நாட்டில் இந்த வகையில் யாரும் ஏதும் செய்யவில்லையா?

செய்தார்கள். காலா அசார் என்ற நோய்: காய்ச்சல், பானை மாதிரி மண்ணீரல், தோல் கருத்தல். சிகிச்சை இல்லாத காலத்தில் பத்தில் ஒன்பது பேர் பிழைப்பதில்லை. இதன் ஒட்டுண்ணியை 1903-ல் கண்டவர்களில் ஒருவர் சார்லஸ் டோனவன். இடம் நம் சென்னைப் பெரியாஸ்பத்திரி. இன்றைக்கும் அந்தக் கிருமிக்கு லீஷ்மேனியா டோனவானி என்றுதான் பெயர்.

மருந்து ஆன்டிமனியில் கிடைத்தது. கண்ணுக்கு மை தீட்டும் அஞ்சனக்கல்லில் இருக்கும் அதே உலோகம். 1915-ல் கல்கத்தாவில் லியோனார்ட் ரோஜர்ஸ் டார்ட்டர் எமெட்டிக் என்ற ஆன்டிமனி உப்பின் ஊசியைப் பயன்படுத்தினார். எமெட்டிக் என்றால் வாந்தி வரவைப்பது; பெயரிலேயே வாந்தி இருக்கிறது. மாதக்கணக்கில் போட வேண்டும். அதே ஊரில் கேம்பல் மருத்துவமனையின் ஒரு சின்ன அறையில், காஸ் இல்லை, குழாய்த் தண்ணீர் இல்லை, மின்சாரம் இல்லை, ராத்திரி மண்ணெண்ணெய் விளக்கு. அங்கே உபேந்திரநாத் பிரம்மச்சாரி யூரியாவையும் ஆன்டிமனியையும் சேர்த்து யூரியா ஸ்டிபமைன் செய்தார். சிகிச்சை மாதங்களிலிருந்து வாரங்களுக்கு இறங்கியது. அஸ்ஸாமில் உயிர்கள் பிழைத்தன. ஹோக்ஸ்ட் மாதிரி ஒரு சாயக் கம்பெனி முதுகுக்குப் பின்னால் நிற்காமல் இதைச் செய்தார் என்பதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

தூக்க நோய்க்குக் கடைசியில் என்ன ஆயிற்று?

ஆர்சனிக் அங்கே வெகுகாலம் நீடித்தது. டிரிப்பார்சமைடு என்ற ஆர்சனிக் மருந்தை 1920-ல் லூயிஸ் பியர்ஸ் பெல்ஜியன் காங்கோவுக்கு எடுத்துப் போய்ப் பயன்படுத்தினார். பேயர் கம்பெனியின் சுராமின், சாயங்களின் வழித்தோன்றல், இன்றும் மருந்துப் பட்டியலில் இருக்கிறது. 1949-ல் மெலார்சோப்ரால் என்ற இன்னொரு ஆர்சனிக் மருந்து வந்தது. மூளைக்குப் போன நோயையும் தீர்க்கும், ஆனால் போட்டுக்கொண்டவர்களில் நூற்றுக்கு ஐந்து பேர் வரை மருந்தாலேயே இறந்தார்கள். நரம்பில் நெருப்பு ஓடுகிற மாதிரி இருக்கும் என்பார்கள். மாத்திரையாக விழுங்கும் ஃபெக்சினிடசோல் 2018-ல் அனுமதி பெற்ற பிறகுதான் பெருமூச்சு விட முடிந்தது.

606 எப்போது ஓய்ந்தது?

1943-ல் நியூயார்க்கின் ஸ்டேட்டன் தீவில் ஜான் மஹோனி நான்கு சிபிலிஸ் நோயாளிகளுக்குப் பெனிசிலின் போட்டுக் குணமாக்கினார். அப்புறம் சில வருஷத்தில் ஆர்சனிக் மூட்டை கட்டியது. மருந்து இருந்தும் கிடைக்காதவர்கள் உண்டு: அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் டஸ்கீகி ஆய்வில் சிபிலிஸ் இருந்த 399 கறுப்பின ஆண்களை 1932 முதல் 1972 வரை சும்மா கவனித்துக்கொண்டே இருந்தார்கள், பெனிசிலின் வந்த பிறகும்.

ஹாட்டா என்ன ஆனார்?

1910-ல் ஜப்பான் திரும்பினார். முதல் உலகப் போரில் ஜெர்மன் சரக்கு நின்றுபோனதும் உள்ளூரிலேயே சால்வர்சன் தயாரிக்கும் வேலையில் இறங்கினார். பெர்ட்ஹைம் கதை வேறு: 1914 ஆகஸ்டில் போருக்குக் கிளம்பியவர், பூட்ஸில் மாட்டியிருந்த குதிமுள் இடறி மாடிப்படியில் விழுந்து இறந்தார். எர்லிக் மறு வருஷம் ஆகஸ்டில் போனார். அவருக்கு 1908-ல் கிடைத்த நோபல்கூட நோயெதிர்ப்பு ஆராய்ச்சிக்குத்தான், 606-க்கு அல்ல. ஹாட்டாவின் பெயரையும் நோபலுக்குப் பரிந்துரைத்தார்கள், கிடைக்கவில்லை. 1938 வரை இருந்தார். வகுப்பில் படம் போடும்போது எர்லிக்கின் பக்கத்தில் நிற்பவர் யார் என்று இதுவரை ஒரு மாணவிதான் கேட்டிருக்கிறாள்.